இரண்டு கண்ணும் தெரியும் பிள்ளை

என் பெரியப்பா மகளைப் பார்த்து நான் பொறாமைப்படாத வயது எது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவள் என்னைவிட மூன்று வயது மூத்தவள். காரைக்கால் பக்கத்து வரிச்சிக்குடியில் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் ஒரே கொல்லை. அக்காவின் பாவாடை எப்போதும் என்னுடையதைவிடப் புதிதாக இருக்கும். அவள் சிரித்தால் வீட்டுக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இதெல்லாம் சின்னப் பொறாமைகள். பெரியது அவள் கல்யாணத்தோடு வந்தது.

மாப்பிள்ளையின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். அந்தக் குடும்பம் பிரெஞ்சு நேஷனாலிட்டியை விடாமல் காப்பாற்றி வைத்திருந்தது. காரைக்காலில் அப்படியொரு வரன் வந்தால் பெண்ணின் ஜாதகத்தை யாரும் இரண்டாம் தடவை பார்ப்பதில்லை. அக்கா பிரான்சுக்கு விமானம் ஏறினாள். எனக்கு இரண்டு தெரு தள்ளி மாப்பிள்ளை பார்த்தார்கள். நல்ல மனிதர். நெல் விவசாயம், வேலை இல்லாத நாட்களில் மினி லாரி ஓட்டுவார். நான் காரைக்காலில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அக்கா பனியில் நின்று எடுத்த படத்தை அனுப்பினால், அன்றைக்குக் குழம்பில் உப்பு கூடிவிடும்.

ஒரே வருடத்தில் அவளுக்கு மகனும் எனக்கு மகளும் பிறந்தார்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் உடம்பில் பால் டீயைச் சிந்தினதுபோல் வெளிர்பழுப்பு மச்சங்கள் இருந்தன. அக்காவுக்கு முதுகில் உண்டு, எனக்குக் கையிலும் இடுப்பிலும் உண்டு. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் இருந்தன. "நம்ம வீட்டுப் புள்ளைன்னு யாரும் சொல்லவே வேணாம், மச்சமே சொல்லிடும்" என்று பெரியப்பா பெருமையாகச் சொல்வார். நானும் பெருமைப்பட்டிருக்கிறேன்.

மகளுக்கு ஐந்து வயதானபோது, வீடியோ காலில் அக்காவின் மகன் சைக்கிள் ஓட்டிக் காட்டினான். என் மகள் அதைப் பார்க்கப் போனை முகத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு தலையை ஒரு பக்கமாகத் திருப்பினாள். "நேராப் பாருடி" என்றேன். அவள் மறுபடியும் திருப்பினாள். கண் டாக்டரிடம் அழைத்துப் போனோம். கண்ணாடி போட்டார்கள். கண்ணாடி போட்ட பிறகும் அவள் வாசல் நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தலை பின்னும்போது விளையாட்டாக அவள் வலது கண்ணை என் கையால் பொத்தினேன்.

"அம்மா எங்க இருக்கேன், சொல்லு."

"லைட்ட போடும்மா" என்றாள்.

காலை பத்து மணி வெயில் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

புதுச்சேரிக்குப் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். படத்தைப் பார்த்துவிட்டு வந்த டாக்டர் அம்மா, என் மகளின் சட்டையைத் தூக்கி மச்சங்களைப் பார்த்தார்.

"இது மாதிரி வீட்ல வேற யாருக்காவது இருக்கா?"

நான் புடவையை விலக்கி என் கையைக் காட்டினேன்.

"பார்வை நரம்பு மேல கட்டி இருக்கும்மா. ரொம்ப மெதுவா வளர்ற வகை. உயிருக்கு இப்ப ஆபத்து இல்ல, பயப்படாதீங்க. ஆனா அது இருக்கிற எடத்துல கத்தி வைக்க முடியாது. மருந்து ஏத்தி வளராம நிறுத்தணும். இந்த மச்சமும் அந்தக் கட்டியும் ஒரே கோளாறுதான். பரம்பரையா வர்றது."

"இடது கண்ணு?" என்றார் என் கணவர்.

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா" என்று ஆரம்பித்தவர், அதோடு நிறுத்திக்கொண்டார்.

அதிலிருந்து வாரத்துக்கு ஒரு நாள் புதுச்சேரி. முதல் பஸ்ஸில் ஏறினால் காரைக்கால் எல்லையில் பூவம் தாண்டும்போது பொழுது வெளுக்கும். மகள் என் மடியில் தூங்குவாள். அங்கே போனதும் நரம்பு தேடும் வேலை. இந்தக் கையில் கிடைக்காது, அந்தக் கையில் கிடைக்காது, கடைசியில் காலில் குத்துவார்கள். நர்ஸ் பெண்ணும் அழாத குறையாகத்தான் குத்துவாள். சில வாரம் மருந்து வந்து சேராமல் திரும்பியிருக்கிறோம். நாளாக நாளாக மகளுக்குப் பாதம் தொங்கி, நடக்கும்போது செருப்பு தடுக்க ஆரம்பித்தது. மருந்தால் அப்படி ஆகும், நிறுத்தினால் சரியாகும் என்றார்கள்.

வார்டில் கருக்களாச்சேரிக்காரி ஒருத்தி இருந்தாள். அவள் கணவன் கடலுக்குப் போகிறவன். அவள் மகனுக்கும் மெதுவாக வளரும் கட்டிதான், ஆனால் பின்மண்டையில். முழுசாக வெட்டி எடுத்துவிட்டார்கள். ஊருக்குக் கிளம்புகிற அன்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க பொண்ணுக்கும் எடுத்துருவாங்க அக்கா, பாருங்க" என்றாள். எடுக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. கையை உருவிக்கொண்டேன். அவள் பிள்ளை மொட்டைத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு படியிறங்கிப் போவதைப் பார்க்கப் பிடிக்காமல் கழிவறைக்குள் போய் நின்றேன். ஒரே பெயருள்ள நோயில் அவளுக்கு மட்டும் நல்ல இடம் கிடைத்துவிட்டதே என்று வயிறு எரிந்தது.

அக்கா அடிக்கடி கூப்பிடுவாள். முன்பெல்லாம் தன் பிள்ளையைக் காட்டாமல் பேசமாட்டாள். மகளுக்கு இப்படி ஆனது தெரிந்த பிறகு அவனைக் காட்டுவதில்லை. என் மனசு நோகக்கூடாது என்று மறைக்கிறாள் என நினைத்தேன். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் அவளாகவே, "காலு தடுக்குதாடி? தாடை வலிக்குதுன்னு சொல்றாளா?" என்று கேட்டாள். நான் அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. இன்டர்நெட்டில் படித்திருப்பாள் என்று விட்டுவிட்டேன்.

அந்த வருடம் அம்மையார் கோயில் மாங்கனித் திருவிழா முடிந்து சில நாளில் அக்காவும் மகனும் ஊருக்கு வந்தார்கள். அங்கே பள்ளி விடுமுறை அப்போதுதான். பிள்ளைகளைப் போர்செட் தொட்டியில் குளிக்க வைக்க அக்காவும் நானும் வயலுக்குக் கூட்டிப்போனோம். என் மகள் தொட்டிச் சுவரைத் தடவித் தடவி இறங்கினாள். அவன் பனியனைக் கழற்றி எறிந்துவிட்டுக் குதித்தான். எழுந்து நின்றபோது வலது நெஞ்சில், கழுத்தெலும்புக்குக் கீழே, விரல் அகலத்துக்கு ஒரு தழும்பு தெரிந்தது.

அந்த இடத்துத் தழும்பை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். சில பிள்ளைகளுக்கு அங்கே தோலுக்கு அடியில் சின்ன டப்பா ஒன்றைப் பதித்துவிடுவார்கள். போர்ட் என்பார்கள். மருந்து அதன் வழியாகவே போய்விடும், வாராவாரம் நரம்பு தேட வேண்டியதில்லை. மகளுக்கும் அது வேண்டும் என்று கேட்டுக் கேட்டு நான் ஓய்ந்திருந்தேன்.

"அக்கா, அவனுக்கு எப்ப போர்ட் வெச்சாங்க?"

"என்னாது?"

"நெஞ்சுல."

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். மோட்டார் சத்தத்தில் பிள்ளைகளுக்கு நாங்கள் பேசுவது கேட்கவில்லை.

"மூணு வயசுலடி" என்றாள்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவளே சொன்னாள்.

"அங்க சின்னப் புள்ளைங்கள டாக்டர் அடிக்கடி வரச்சொல்லி துணியெல்லாம் கழட்டிப் பாப்பாங்க. கைக்குழந்தையா இருக்கும்போதே மச்சத்தப் பாத்துட்டு, ஒன் முதுகக் காட்டுன்னாங்க. காட்டுனேன். இது பரம்பரை, கண்ணுக்குப் பின்னாடி கட்டி வரலாம், அப்பப்ப கண்ண பாத்துக்கிட்டே இருக்கணும்னு சொல்லிட்டாங்க. அப்படிப் பாத்ததுலதான் தெரிஞ்சுது."

"பார்வை?"

"ரெண்டும் நல்லா இருக்கு." அதை அவள் மண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"என்னா மருந்து குடுத்தாங்க?"

"ஒன் பொண்ணுக்குப் போடுறதுதான். அதேதான். அவனுக்கும் காலு தடுக்குச்சு."

அதுவரை அங்கே ஏதோ பெரிய மருந்து இருக்கிறது, நம் ஊரில் கிடைக்காதது இருக்கிறது என்று நினைத்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். அந்தப் பொறாமையில் ஒரு ஆறுதல் இருந்தது. நம்மால் எட்ட முடியாதது, என்ன செய்ய என்று விட்டுவிடலாம். இப்போது பார்த்தால் மருந்து ஒன்றுதான். அவனுக்கு வாய்த்தது, சட்டையைக் கழற்றி உடம்பைப் பார்த்து, கண்ணைப் பரிசோதிக்கச் சொன்ன ஒரு டாக்டர். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை என் காதில் விழுந்திருந்தால் நான் மகளைத் தூக்கிக்கொண்டு எந்தக் கண்ணாஸ்பத்திரிக்கும் நடந்தே போயிருப்பேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"என் கூடப்பொறந்த தங்கச்சிக்கு அப்ப மாப்பிள பாத்துக்கிட்டிருந்தாங்க. வெளிய தெரிஞ்சா நம்ம வீட்டுப் பொண்ண யாரும் எடுக்கமாட்டாங்க, வாயத் தொறக்காதன்னு அம்மா சொல்லிட்டாங்க. எல்லாருக்கும் கட்டி வராதுடி, டாக்டரே சொன்னாங்க. ஒன் புள்ளைக்கு வராதுன்னு நெனச்சுக்கிட்டேன். தெனம் நெனச்சுக்கிட்டேன்."

"நெனச்சுக்கிட்ட" என்றேன்.

அதற்குள் அவன் தொட்டியிலிருந்து கூப்பிட்டான். "சித்தி, நான் முங்குறத எண்ணுங்க!" இரண்டு கண்ணும் பளபளவென்று என்னைப் பார்த்தன. நான் தூக்கி வளர்க்காவிட்டாலும் படத்தில் பார்த்துப் பார்த்து ஆசை வைத்திருந்த பிள்ளை. அந்த நிமிஷத்தில் அவன் மேல் எனக்கு ஒரு துளி அன்பும் இல்லை. என் பிள்ளைக்கு இல்லாதது அவன் முகத்தில் இருந்தது. எண்ணாமல் மகளை மட்டும் தூக்கித் துவட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கணவரிடம் சொன்னபோது அவர் முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அவங்க சொல்லியிருந்தாலும் நாம நம்பியிருப்பமா? மச்சத்துக்கும் கண்ணுக்கும் என்னா சம்பந்தம்னு சிரிச்சிருப்போம்" என்றார்.

"நீங்க சிரிச்சிருப்பீங்க. நான் போயிருப்பேன்" என்றேன்.

அக்கா ஊருக்குக் கிளம்பும்போது நான் வழியனுப்பப் போகவில்லை.

மருந்துக் காலம் முடிந்தது. மகளின் கால் மெல்ல மெல்லச் சரியானது. ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டர் அம்மா, "வளரல. அப்படியே நிக்குது. வலது கண்ணக் காப்பாத்திட்டோம்" என்றார். இடது கண்ணைப் பற்றி நாங்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மறுபடி வளர்ந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். இதற்கென்றே புதிதாக மாத்திரை வந்திருக்கிறது, வெளிநாட்டில் கொடுக்கிறார்கள், இங்கே எல்லோருக்கும் கிடைக்க இன்னும் நாளாகும் என்றார். "அது வரைக்கும் வளராம இருக்கட்டும்மா" என்றார், டாக்டர் பேசுவதுபோல் இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரி பேசுவதுபோல். மகள் இப்போது இரண்டாம் வகுப்பு போகிறாள். இடது ஓரத்து பெஞ்சில் உட்கார வைக்கிறார்கள், அப்போதுதான் வகுப்பு முழுவதும் அவளுடைய வலது பக்கம் இருக்கும்.

அக்காவின் தங்கைக்கு நல்ல இடத்தில் கல்யாணமாகி, போன வருடம் பெண் குழந்தை பிறந்தது. மொட்டையடித்துக் காது குத்தும் அன்று, தாய்மாமன் முறைக்கு யாரும் இல்லாததால், பெரியப்பா முறையான என் கணவர் மடியில்தான் குழந்தையை உட்கார வைத்தார்கள். சந்தனம் பூசும்போது பார்த்தேன். தொடையில் இரண்டு, முதுகில் மூன்று, அக்குளுக்குப் பக்கத்தில் இன்னும் சில. அதே பால் டீ நிறம்.

சாப்பாடு முடிந்ததும் தங்கையை உள்ளறைக்குக் கூப்பிட்டு மச்சத்தின் விவரத்தைச் சொன்னேன். அக்கா மகனின் தழும்பையும் சேர்த்துத்தான் சொன்னேன். பெரியம்மா வாசலில் நின்று கேட்டுவிட்டார்.

"நல்ல நாளும் அதுவுமா புள்ளைக்கு நோவு வரும்னு சொல்ல வந்தியா? ஒன் புள்ளைக்கு வந்துட்டா ஊர்ல எல்லாப் புள்ளைக்கும் வரணுமா? பொறாம புடிச்சவளே!"

"ஆமா பெரியம்மா, பொறாமதான்" என்றேன். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. புள்ளைய கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க."

தங்கை குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தன் அம்மாவையே பார்த்தாள். "அக்காவுக்குத் தெரியும். ஒங்களுக்கும் தெரியும். என் கல்யாணத்துக்காகவா இந்த அக்கா புள்ளைக்குக் கண்ணு போச்சு?" என்றாள். பெரியம்மா எச்சில் இலைகளை எடுக்கப் போய்விட்டார்.

மறுவாரமே தங்கை கணவனோடும் குழந்தையோடும் புதுச்சேரிக்குப் போக என்னைத் தேடி வந்தாள். எங்கே இறங்கணும், எந்த வாசல், யாரைப் பார்க்கணும் என்பதெல்லாம் எனக்குத்தானே தெரியும். நானும் மகளும் கூடப் போனோம். டாக்டர் அம்மா குழந்தையின் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, விளக்கு அடித்து, வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டு கண்ணும் நல்லா இருக்கு. வர வேண்டிய நேரத்துக்கு வந்திருக்கீங்க. இதே மாதிரி விடாம வந்துட்டே இருங்க" என்றார்.

தங்கை என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அவள் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் குழந்தைக்கு நல்லது நடக்க வேண்டும் என்றுதான் நான் போனேன், நடந்ததும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் "வர வேண்டிய நேரம்" என்ற அந்தச் சொல்லைக் கேட்ட நிமிஷத்தில் மனசு கசந்ததையும் மறைக்க மாட்டேன். அப்படியொரு நேரம் என் மகளுக்கும் இருந்தது. அது யாருக்கும் தெரியாமல் கடந்து போயிருக்கவில்லை. தெரிந்தவர்கள் இருந்தார்கள்.

அக்கா இப்போதும் அழைக்கிறாள். நான் எடுக்கிறேன். மாத்திரை பற்றி அங்கே விசாரித்ததைச் சொல்கிறாள், நான் கேட்டுக்கொள்கிறேன். மகனைக் காட்டுகிறாயா என்று போன வாரம் நானே கேட்டேன். அவன் வந்து, "சித்தி" என்று கையாட்டினான். உயரமாகிவிட்டான். என் மகள் தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, "அண்ணா, ஒனக்குப் பல்லு விழுந்துடுச்சா?" என்று சிரித்தாள். அவர்கள் இருவரும் பேசட்டும் என்று போனை அவளிடமே கொடுத்துவிட்டு, நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.