வாசலில் நின்ற கார்

காட்டூரில் ரசூல் பாய் வீடு எது என்று கேட்டால் யாரும் வீட்டைச் சொல்ல மாட்டார்கள், காரைச் சொல்வார்கள். "அந்தக் கறுப்பு ஜெர்மன் கார் நிக்கும் பாருங்க, அதான்." அந்த வீட்டுக்குள் பாயின் மகள் சம்ரீன் இருபத்தொன்பது வயதாகியும் கல்யாணமாகாமல் இருக்கிறாளே, அதை யார் நினைத்தார்கள்? பாய் நினைத்தார். ஐந்து வேளைத் தொழுகையிலும் அவர் கையேந்திக் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

குவைத்தில் இருபத்திரண்டு வருஷம் இதே மாதிரிக் கார் ஓட்டியவர். அடுத்தவன் கார். ஊருக்குத் திரும்பியதும், தில்லைநகர் டாக்டர் ஒருவர் பதினோரு வருஷம் ஓட்டிக் கழித்ததை வாங்கிவிட்டார். மனைவி சுராயா தலையில் அடித்துக்கொண்டாள். "ஆனையைக் கட்டித் தீனி போடுற வேலைங்க இது. நமக்கு எதுக்கு?" கேட்டாரா மனுஷர்? கேட்கவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, சுகமும் இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூவருமாகக் காவிரிப் பாலம் ஏறி ஸ்ரீரங்கம் வரை போய்த் திரும்புவார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டால் பக்கத்தில் வரும் பஸ்ஸின் ஹாரன்கூட அடுத்த தெருவில் கேட்கிற மாதிரி இருக்கும். தெருவில் யார் வீட்டு நிக்காஹ் என்றாலும் மாப்பிள்ளை பள்ளிவாசலுக்குப் போவது பாயின் காரில்தான். காசு வாங்க மாட்டார். கேட்டவர்களுக்கு இல்லை என்று சொன்னதும் கிடையாது.

நாலே வருஷத்தில் சுகமெல்லாம் வடிந்தது. ஏசி செத்தது. இரண்டு நாள் சும்மா நிறுத்தினால் ஸ்பிரிங்குக்குப் பதிலாக இருக்கும் காற்றுப்பை இறங்கி, பின்பக்கம் தரையோடு உட்கார்ந்துகொண்டது. "பார்ட்ஸ் வெளிநாட்டுலேர்ந்து வரணும் பாய். பேசாம வித்துடுங்க" என்றார் மெக்கானிக் பீமராவ். விற்கவா? பெண்ணுக்கு இடம் பார்க்கிற நேரத்திலா?

அங்கேதான் மனுஷருக்குப் புத்தி கெட்டது. தரகர் யாரையாவது அழைத்து வருகிறார் என்றால் முதல் நாளே சுராயாவின் வளையலை அடகு வைத்தாவது காரை நிமிர்த்தி, துடைத்து, வாசலுக்கு நேராக நிறுத்திவிடுவார். அதைப் பார்த்தால் நல்ல இடம் அமையுமாம்! வந்தவர்கள் பெண்ணுக்கு முன்னால் காரைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு எண்பது பவுன், நூறு பவுன் என்றார்கள். முடியாது என்றால், "இவ்வளவு பெரிய கார் வச்சிக்கிட்டு என்ன பாய் கஞ்சத்தனம்?" என்று எழுந்து போனார்கள். அடப்பாவிகளா, அந்தக் கார் தின்றது போகத்தானே அந்த வீட்டில் சோறு!

போன மாதம் தஸ்லிமா வந்தாள். தெருமுனையில் செல்போன் கடை வைத்திருக்கும் பாசிலின் அம்மா. பையன் தங்கம். கை நீட்டி ஒரு பைசா வாங்காமல் கல்யாணம் பண்ணுவேன் என்று சொன்னவன்.

"பாசிலுக்கு வர்ற ஞாயித்துக்கெழம நிக்காஹ்ண்ணே. பொண்ணு தொட்டியம். ஒங்க கார் வேணும்."

"அதுக்கென்ன, தாராளமா" என்றார் பாய்.

தஸ்லிமாவுக்குச் சந்தோஷத்தில் வாய் நிற்கவில்லை. "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. மூணு வருஷத்துக்கு முந்தி நம்ம சம்ரீனைக் கேக்கலாம்னுதான் வந்தேன். வாசல்ல காரைப் பாத்தேன். நாம எங்க, இவுங்க எங்கன்னு அப்படியே திரும்பிட்டேன்."

டீயோடு வந்த சம்ரீன் கதவருகில் நின்றுவிட்டாள். சுராயா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாய், "கார் தர்றதுக்கில்லம்மா" என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தார். அதற்குள் சம்ரீன் டம்ளரைத் தஸ்லிமாவின் கையில் கொடுத்தாள். "அத்தாவே ஓட்டிட்டு வருவாங்க மாமி" என்றாள்.

அன்றிரவு மூவரும் சாப்பிடவில்லை. பாய் ஒரே ஒரு தடவை, "ஒனக்கு நான் துரோகம் பண்ணிட்டேன் தாயி" என்றார். சம்ரீன் இல்லை என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூச்சரம் கட்டிய காரில் பாசில் பின்னால் உட்கார்ந்தான். பாய் பின்னால் பார்க்கும் கண்ணாடியைப் பார்க்காமலே ஓட்டினார். இருக்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டு வந்த பையன், ஒரு சூதும் இல்லாமல் சொன்னான்:

"சம்ரீனுக்கு வரப்போற மாப்பிள்ளை கொடுத்து வச்சவரு மாமா. தெனமும் இதுலயே போகலாம்."

"பள்ளிவாசல் வந்துடுச்சு தம்பி, இறங்குங்க" என்றார் ரசூல் பாய்.