மூன்று மிதி

நான் தலைக்குப் பதில் கால் முதலில் வெளியே வந்து பிறந்தவன். அப்படிப் பிறந்தவன் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுப்போகும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. காலையில் நான் சிவகாசி அச்சாபீசுக்குக் கிளம்புவதற்குள் யாராவது வெறும் வயிற்றோடு வந்து வாசலில் குப்புறப் படுத்துவிடுவார்கள். இடது காலால் மூன்று மிதி, அவ்வளவுதான். முக்கால்வாசிப் பேர் எழுந்து நடந்தார்கள். எனக்கும் தலைக்கனம் ஏறிவிட்டது.

செல்போன் எங்கள் தெருவுக்கு வந்த புதிது. தீபாவளி சீசன் நேரத்தில் என் மனைவிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பட்டாசு கம்பெனியில் நாள் முழுக்கத் தரையில் குனிந்து உட்கார்ந்து வெடிகளைப் பெட்டியில் அடுக்குகிறவள் அவள். வலி இடுப்போடு நிற்காமல் தொடை வழியாகப் பாதம்வரை இறங்கியது.

“ஊருக்கெல்லாம் மிதிக்கீக, எனக்கு மிதிச்சா என்ன?” என்றாள்.

இரண்டு நாள் மிதித்தேன். விடவில்லை. எனக்குப் பொறுமை பிறவியிலேயே கிடையாது. மூன்றாம் நாள் ஓங்கி மிதித்துவிட்டேன், பாவி. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு நாலு எட்டு நடந்தாள். வலது கால் செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. அவளுக்கு அது தெரியவே இல்லை.

மதுரையில் ஸ்கேன் பார்த்த டாக்டர், முதுகெலும்புக்கு நடுவிலுள்ள ஜவ்வு பிதுங்கி நரம்பை அமுக்குகிறது என்றார். “யாராவது மிதிச்சாங்களா, நீவி விட்டாங்களா?”

“இல்லைங்க. தண்ணிக் குடத்தோட வழுக்கி விழுந்துட்டேன்” என்றாள் அவள்.

எனக்கு ஆறுதலாக இருந்தது. அதுதான் கேவலம்.

குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, தரையில் உட்காரக்கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக நடக்கலாம். ஆறு வாரத்தில் மரத்துப்போன கால் விரலில் உணர்ச்சி திரும்பாவிட்டால் ஆபரேஷன் என்றார் டாக்டர். முழங்காலுக்கடியில் தலையணை வைத்து அவள் படுத்திருக்க, நான் குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்கும் வாசலுக்கும் அலைந்தேன். வைத்த சோறு குழைந்தது. மிதிக்கச் சொல்லி வந்தவரை, “ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்று விரட்டினேன். நாளைக்குப் பத்துத் தடவை அவள் கட்டைவிரலைக் கிள்ளிக் கேட்பேன், “தெரியுதா?”

“தெரியல. செத்த நேரம் சும்மா இருக்க மாட்டீகளா?”

ஐந்தாவது வாரத்தில் ஒரு காலை. கண்ணை மூடிப் படுத்திருந்தாள். “தெரியுதா?” என்று கேட்டுக்கொண்டே கையை நீட்டினேன்.

“ம், தெரியுது. நல்லாத் தெரியுது. நீங்க போயி சாப்பிடுங்க.”

என் கை இன்னும் அவள் விரலைத் தொட்டிருக்கவில்லை.