இருபது தோட்டாக் கூடுகள்

எனக்குப் பிறவியிலேயே சந்தேக புத்தி. ரங்கூனில் துப்பாக்கி சுடும் சங்கம் ஒன்றில் தோட்டா நிரப்பும் வேலை கிடைத்ததுகூட அதனால்தான் என்று நினைக்கிறேன். போட்டிக்குக் குறிபார்த்துச் சுடுபவர்களுக்குக் கடைத் தோட்டா சரிப்படாது. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைப் பொறுக்கியெடுத்து, மருந்தை அளந்து நாமே நிரப்ப வேண்டும். நிரப்புவது என்ன பெரிய காரியம்? கூட்டைப் பொறுக்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரே முத்திரை, ஒரே பெட்டியில் வந்த சரக்கு, ஒரே எடை. வளைத்த கம்பியை உள்ளே விட்டுத் தடவினால், அடிப்பக்கம் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று விரலுக்குத் தெரிந்துவிடும். விழுந்திருந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். இருநூற்றில் இருபது தேறினால் அதிர்ஷ்டம்.

வெற்றுக் கூடு ஒன்றுகூட வாசலைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வேலை போகும், ஜெயிலும் உண்டு. எண்பத்தெட்டுக் கிளர்ச்சிக்குப் பிறகு அந்த ஊரில், தோட்டாக் கூடு வைத்திருப்பவனிடம் யாரும் நின்று விளக்கம் கேட்க மாட்டார்கள். ஆனால் சங்கத்துத் தராசு தரித்திரம் பிடித்தது, தொட்டாலே ஆடும். தாமுவேயில் நகை வேலை செய்யும் என் மச்சானின் தராசை இரவல் வாங்கி வீட்டில் வைத்திருந்தேன். பொறுக்கிய இருபதையும் துணிப்பையில் சுற்றி, டிபன் கேரியரின் அடித்தட்டில் வைத்து எடுத்துப் போனேன். வியாழக்கிழமை சாயங்காலம் நிறுத்து, ஒவ்வொன்றிலும் மையால் குறித்தேன். காலையில் பையை அவிழ்க்காமலே கொண்டுவந்து அலமாரியில் பூட்டினேன்.

ஒரு வாரம் கழித்துத் திறந்தால் மையைக் காணோம். கூடெல்லாம் பளபளவென்று, லேசாகச் செம்பு நிறம் தட்டியிருந்தது. யாரோ வேறு கூட்டை மாற்றி வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். சங்கத்துத் தராசில் வைத்தேன், எடையும் முன்னே பின்னே ஆடியது. எதற்கும் உதவாத அந்தத் தராசை அன்றைக்கு மட்டும் நம்பினேன்.

அலமாரிக்கு இரண்டு சாவி. இன்னொன்று என்னோடு வேலை பார்த்த தமிழரிடம் இருந்தது. இன்சீன் ரயில்வே லைன் வீடுகளில் வளர்ந்தவர், என்னைவிட இரண்டு வயது இளையவர், மூன்று பிள்ளைக்காரர். அந்த வாரம் புதுச் செருப்பு போட்டிருந்தார். கேட்காமலே எனக்கு டீ வாங்கி வைத்தார். காக்கா பிடிக்கிறார் என்று முடிவு கட்டினேன். நேரே போய், எங்கள் மேலதிகாரியான சயாஜியிடம், கூட்டை மாற்றியது அவர்தான் என்று சொல்லிவிட்டேன்.

அன்று மாலை வீட்டில் பொருமிக்கொண்டிருந்தேன். என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தப் பித்தளையா? வெள்ளிக்கெழமைக்கு வெளக்கு தேய்க்கையில அதையும் ராத்திரி புளித்தண்ணியில ஊறப் போட்டேன். கன்னங்கரேல்னு கெடந்துச்சு. காலையில தொடச்சுப் பையிலயே வச்சேன். நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா?"

புளியில் கிடந்தால் பித்தளை செம்பாகச் சிவக்கும். பித்தளையே பிழைப்பாக இருந்த எனக்கு அது தெரியாதா? ஆள்மேல் வைத்த சந்தேகத்தைக் கூட்டின்மேல் வைக்கத் தோன்றவில்லை.

மறுநாள் சயாஜி அறைக்கு வெளியே, பெஞ்சில் அந்தத் தமிழர் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அண்ணே, கேரியர்ல நீங்க கொண்டு போனத அன்னிக்கே பாத்தேன். கூடு வெளிய போச்சான்னு துருவித் துருவிக் கேட்டாங்க. எதுவும் போகலன்னு சொல்லிட்டேன்."

அதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

சயாஜி புகார்க் காகிதம் ஒன்றை என் பக்கம் நகர்த்தினார். "கூடு எதுவும் வெளியே போகவில்லை என்று அவனே சொல்கிறான். வெளியே போகவில்லை என்றால் உள்ளே மாற்றியது சாவி வைத்திருந்த அவன்தானே? நீ என்ன சொல்கிறாய்?"

என் மனைவியை நினைத்தேன், ஜெயிலை நினைத்தேன். அவருடைய மூன்று பிள்ளைகளையும் நினைத்தேன், நினைக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பிறகு, "வெளியே எதுவும் போகவில்லை சயாஜி" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையை நினைத்தால் இன்றைக்கும் அருவருப்பாக இருக்கிறது.

நான் வெளியே வந்ததும் அவர் பெஞ்சிலிருந்து எழுந்தார்.

"ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலயேண்ணே?" என்று கேட்டார்.