காவேரியம்மாவின் கட்டை விரல்

அரசுப் பேருந்திலிருந்து இறங்கியதுமே காவேரியம்மா சுண்டு விரலை மடக்கிவிடுகிறார். “நம்ம பஸ்ஸு.” ஒரு தோளில் தடுப்பூசிப் பெட்டி, இன்னொரு தோளில் கைப்பை, இருந்தாலும் எண்ணிக்கை நிற்பதில்லை. தண்ணீர்த் தொட்டி வந்தால், “நம்ம டேங்க்கு.” பள்ளிக்கூடச் சுவர் வந்தால், “நம்ம ஸ்கூலு.” பட்டப்பகலில் எரிந்துகொண்டிருக்கும் தெருவிளக்கைப் பார்த்து, “நம்ம லைட்டு. அணைக்க ஆளில்லாம எரியுது பாரு!” என்று ஒரு வசவையும் சேர்த்துக் கொடுத்து நான்காம் விரலை மடக்குவார். கட்டை விரல் மட்டும் நிமிர்ந்த வாக்கில் துணை சுகாதார நிலையத்தின் வாசலுக்கு வந்து சேரும்.

பென்னலூர் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குச் சுகாதார செவிலியர் அவர். உலகத்தில் அவருக்கு இரண்டே இனம். அரசாங்கம் வைத்தது எல்லாம் ‘நம்மளது’, மற்றதெல்லாம் ‘கம்பெனி’. ஹாஸ்டல், பரோட்டா கடை, செல்போன் டவர் எல்லாமே கம்பெனிதான். பள்ளிக்கூட வாசலில் சத்துணவு மிச்சம் தின்று கொழுத்த செவலை நாய் மட்டும் பாதி நம்மளது. தன்னையும் தன் சுகாதார நிலையத்தையும் அவர் எண்ணிக்கொள்வதில்லை. “கல்யாணத்துல பரிமாறுறவ தன் எலையயும் சேத்தா எண்ணுவா?” என்பார்.

இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் வேலையில் சேர்ந்தபோதும் இந்த வழியில் நம்மளது நாலுதான். ஆனால் அப்போது வேறு ஒன்றுமே கிடையாது. வேர்க்கடலைக் கொல்லையும் ஏரிக்கரையும்தான். சுகாதார நிலையந்தான் ஊரிலேயே பெரிய கட்டடம். இன்று தொழிற்சாலை ஆட்கள் தங்கும் நான்கு மாடி ஹாஸ்டல்களுக்கு நடுவே அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். “நாம ஒண்ணும் குறையலபா. மத்ததுதான் வளந்துட்சி. குண்டான் பெருசாயிட்சி, கரண்டி அதே கரண்டி” என்று அவர் சொல்லும்போது குரலில் வருத்தத்தைவிடக் குறும்பே தூக்கலாக இருக்கும்.

புதன்கிழமை தடுப்பூசி நாள். ஊசி போட்டும் குழந்தை அழாவிட்டால் அவருக்கு மனசு ஆறாது. “அழுடா கண்ணு, இல்லாட்டி ஊசில வெறும் தண்ணிய ஏத்திட்டன்னு உங்கம்மா சொல்லும்” என்று காலைக் கிள்ளிக் கெஞ்சுவார். சிரிக்காமல் அவர் பேசுவது ஒரே ஒரு விஷயத்தைத்தான். போன வருஷம் கடைசி வரிசை வாடகை அறையில் ஒரு குழந்தைக்கு அம்மை வார்த்தது. வெளியூர்க் குடும்பம், அங்கே ஒரு குழந்தை இருப்பதே அவருக்குத் தெரியாது. பிழைத்துக்கொண்டது. ஆனால் அன்றிலிருந்து, இன்னொரு நர்ஸ் வேண்டும் என்று மாதம் ஒரு மனு எழுத ஆரம்பித்தார். ஊரில் ஐயாயிரம் பேர்தான், ஒரு நர்ஸ் போதும் என்று பழைய கணக்கைக் காட்டி ஒவ்வொரு மனுவும் திரும்பி வந்தது.

கடைசியில், தலையெண்ணிப் பார்க்க மாவட்ட அலுவலகத்திலிருந்து ரகுபதி என்ற அதிகாரி வந்தார். வரும்போதே பாடத்தை ஆரம்பித்துவிட்டார். “சம்பளம், மருந்துன்னு அரசாங்கம் அன்றாடத்துக்குப் பண்ற செலவு, நாட்டுப் பொருளாதாரத்துல ரொம்ப வருஷமா சுமாரா பத்துல ஒரு பங்குதான் சிஸ்டர். பெருசா ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல.”

“நாட்டுக்கு அது சரி சார். எங்க தெருவுக்கு அந்தப் பங்கு வந்து சேர்ல.”

ஒரு பெண்கள் ஹாஸ்டலில் நுழைந்தார்கள். பகல் பதினொரு மணி. கட்டில் பன்னிரண்டு, தூங்குகிறவர்கள் நாலு பேர். ரகுபதி தாராள மனசோடு பன்னிரண்டு என்று எழுதினார். காவேரியம்மா அந்தத் தாளை எட்டிப் பார்த்தார். பகலில் எண்ணினால் இந்த ஊரில் பாதிப்பேர் காணாமல் போய்விடுவார்கள். அதோடு அந்த இரண்டாவது நர்ஸும் போய்விடுவாள்.

“சார், கட்டில எண்ணாதீங்க!”

சத்தத்தில் விழித்துக்கொண்டாள் மாரிசெல்வி. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், நைட் ஷிப்ட் முடித்துப் படுத்தவள். “ஒரு கட்டிலுக்கு மூணு பேருலா சார்” என்றாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு. “நான் எந்திச்சா தங்கமாரி படுப்பா. அவ எந்திச்சா இன்னொருத்தி.”

“பாக்காம எப்படிம்மா எழுதுறது?”

காவேரியம்மா அவரைப் பின்கட்டுக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். சுவரோரம் பிளாஸ்டிக் குவளைகளில் பல் துலக்கும் பிரஷ்கள், ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய டேப். “ஆளு டியூட்டிக்குப் போவாங்க சார். பிரஷ்ஷு இங்கதான் கீது. எண்ணிக்குங்க.”

முப்பத்தேழு. ரகுபதி எழுதப்போகும்போது காவேரியம்மாவே தடுத்தார். “அந்தத் தேஞ்சது ஷூவுக்கு சார். கழிச்சிடுங்க. நம்ம கணக்குல கள்ளம் வேணாம்.”

அந்த வாரம் முழுக்க ஹாஸ்டல் ஹாஸ்டலாக, வாடகை அறை அறையாகப் பிரஷ் எண்ணினார்கள். கடைசி நாள் பொழுது சாயும்போது ரகுபதியின் தாளில் எண்ணிக்கை பழைய கணக்கின் இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது. “என் சர்வீஸ்ல பல்லு வெளக்குறத வச்சு ஜனத்தொகை எடுத்தது இதான் சிஸ்டர் முதல் தடவ” என்று சொல்லிவிட்டுப் போனார். ஏழு மாதம் ஒரு தகவலும் இல்லை.

போன புதன்கிழமை பேருந்திலிருந்து காவேரியம்மாவுக்குப் பின்னாலேயே பிரவீனா இறங்கினாள். புதுச் சீருடை, கையில் பணி ஆணை. வயது இருபத்து நாலு இருக்கும். முன்னால் போகிறவர் பஸ், டேங்க், ஸ்கூல், லைட் என்று முணுமுணுத்து விரல் மடக்குவதை வழி நெடுக வேடிக்கை பார்த்தபடி வந்தாள். சுகாதார நிலையத்தின் வாசலில் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாள்.

“இன்னாம்மா எண்ணிக்கினே வர்றீங்க?”

காவேரியம்மா திரும்பி அவளை ஏற இறங்கப் பார்த்தார். நிமிர்ந்து நின்ற கட்டை விரலை நிதானமாக மடக்கி, ஐந்து விரலும் மடங்கிய அந்தக் கையால் பிரவீனாவின் தோளில் செல்லமாக ஒரு குத்து விட்டார்.