ஒன்பதும் ஆறும்

"…பத்தும் அஞ்சும் பதினைஞ்சுதான் தம்பி, ஓம். ஆனா இந்தக் கல்லில நான் அப்பிடி வெட்டமாட்டன்."

விரி என்ற பிரெஞ்சு ஊரில் கல்லறைக் கற்களுக்கு எழுத்து வெட்டுபவர் அவர். புருவமெல்லாம் கல்தூள். வெட்டுமுன் ஒவ்வோர் எழுத்தையும் விரலால் தடவிப் பார்ப்பார். அன்று வந்தது ஒரு யூதப் பெரியவரின் கல். எபிரேயத்தில் எழுத்துகளே எண்கள். இறந்த தேதி பதினைந்து என்று பத்தின் எழுத்தையும் ஐந்தின் எழுத்தையும் சேர்த்து நான்தான் அச்சடித்து ஒட்டியிருந்தேன்.

"அது ரெண்டும் சேர்ந்தா அவையின்ர கடவுளின்ர பேர் வந்திடும். அதைத் தேதிக்குப் பாவிக்கமாட்டினம். ஒன்பதும் ஆறும்தான் போடுவினம்."

"முதலாளி ஓகே பண்ணிட்டாருண்ணே. வெட்டலேன்னா உங்க வேலை போயிடும்."

"போகட்டும். வேற வேலை தேடலாம். வெட்டின கல்லை அழிக்கேலாது."

சொல்லிவிட்டு என் தாளை உரித்துக் கையில் கொடுத்தவர், சாக்பீஸை எடுத்து, வலப்பக்கத்திலிருந்து ஒன்பதின் எழுத்தை வரையத் தொடங்கினார்.