கதவுக்கு முன்னால் இடைவேளை

தியேட்டரில் வேலை செய்கிறவனுக்குச் சினிமாவைப் பற்றி அபிப்பிராயமே இருக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் எழுதாத சட்டம். ஓட்டச் சொன்னதை ஓட்ட வேண்டும், ஏசியைக் குறைக்கச் சொன்னால் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு தியேட்டரில் நான் ஆபரேட்டர். பாதி நேரம் டிக்கெட் கவுன்டரும் நான்தான். என்னிடம் அபிப்பிராயம் மூட்டை மூட்டையாக இருக்கிறது. அதுவும் எதைப் பற்றி? அனிமேஷன் படங்களைப் பற்றி. அப்புறம், நாமே கதைக்குள் ஒரு ஆளாகி ஊர் ஊராகச் சுற்றும் ரோல்-பிளேயிங் வீடியோ கேம்களைப் பற்றி.

முப்பது வயதைத் தாண்டியும் இந்த இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற உங்களுக்கு என் பாடு புரியும். பெண் பார்க்கப் போன வீட்டில் மாப்பிள்ளைக்குப் பொழுதுபோக்கு என்னவென்று கேட்டார்கள். என் மாமா முந்திக்கொண்டு கிரிக்கெட் என்று சொல்லிவிட்டார். மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பதென்று கூட எனக்குத் தெரியாது. எனக்கு இருந்தது ஒரே ஆசை. ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியில் ஒதுங்கிக் கிடக்கும் அனிமேஷன் படத்தை, பெரிய ஹீரோ படம் ஓடுகிற வெள்ளிக்கிழமை சாயங்கால ஆட்டத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். முதலாளியிடம் கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான் வந்தது. "பொம்மப் படத்துக்கு காலைல ஆட்டமே ஜாஸ்தி. போய் வேலையப் பாரு."

குழந்தைக்கு ஒரு டிக்கெட்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெள்ளை வேட்டியும் முறுக்கிய மீசையுமாக ஒருவர் கவுன்டருக்கு வந்தார். சங்கராபுரம் பக்கம் கரும்பு போட்டிருக்கிறவர். குரலைத் தாழ்த்தி, "கொழந்தைக்கு ஒரு டிக்கெட் குடுங்க" என்றார். எட்டிப் பார்த்தேன். இடுப்பிலும் இல்லை, கையிலும் இல்லை, பின்னாலும் இல்லை. கொடுத்தேன். தனியாக உள்ளே போய், தனியாகச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். நமக்குத் தெரியாதா இந்த வியாதி? இருந்தாலும் வாய் சும்மா இருக்காமல், "குழந்தை எங்கங்க?" என்று கேட்டுவிட்டேன். கொஞ்சமும் அசராமல் சொன்னார்: "வூட்ல இருக்குது. நான் மொதல்ல பாத்துட்டு, நல்லா இருந்துச்சினா கூட்டிக்கினு வரேன்."

பெயின்ட் காயாத படம்

கொஞ்ச காலமாக வருகிற அனிமேஷன் படங்களில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. முன்பெல்லாம் ஒவ்வொரு தலைமுடியும் தனித்தனியாகத் தெரிய வேண்டும், தண்ணீர் நிஜத் தண்ணீரை விடப் பளபளக்க வேண்டும் என்று உயிரை விட்டார்கள். இப்போது சில பேர் தூரிகை இழுத்த தடம் அப்படியே தெரிகிற மாதிரி வரைகிறார்கள். சண்டையில் படம் வேண்டுமென்றே விட்டு விட்டு நகர்கிறது. பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். பிடிக்காததும் உண்டு. மூச்சு விடாமல் ஜோக்கடிக்கும் மிருகங்களையும், கதை முடிந்த பிறகும் வருகிற இரண்டாம் பாகங்களையும் என்னால் தாங்க முடிவதில்லை.

அப்படி ஓவியமாக ஒரு படம் வந்தபோது ஆபரேட்டர் அறையிலேயே நின்று ரசித்துக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டினார்கள். எங்கள் கேன்டீன் நடத்தும் செல்வம். பொம்மைப் படம் என்றாலே அவருக்கு ஆகாது. நாலு பேர் சேர்ந்து ஒரு பாப்கார்ன் வாங்குவார்கள் என்பது அவர் கட்சி. ஐந்து நிமிஷம் திரையைப் பார்த்தவர் என்னை அனுதாபத்தோடு திரும்பிப் பார்த்தார். "பெயின்டு காயறதுக்குள்ள அனுப்பிட்டானுங்க போல. லென்ஸயாவது ஒரு தபா தொடச்சிப் பாருங்களேன்."

மீதியைக் காட்டுங்க

தமிழ்ப் படம் இடைவேளை எங்கே என்று எழுதிக்கொண்டே வரும். வெளிநாட்டு அனிமேஷன் படத்தில் அது இருக்காது. நாங்கள்தான் நிறுத்தி விளக்குப் போட வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதற்கு முதலாளி ஒரு சட்டம் வைத்திருந்தார். கடிகாரத்தைப் பார், சரிபாதியில் வெட்டு. பேசிக்கொண்டிருக்கிற வாய் திறந்திருந்தாலும் சரி, வெட்டு.

கோடை லீவில் ஒரு படத்துக்கு மட்டும் மதிய ஆட்டமும் போட்டோம். கல்வராயன் மலையில் வெள்ளிமலையிலிருந்து ஓர் அம்மா, இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்தார். காட்டில் தொலைந்த பையன் தாயைக் கண்டுபிடித்துக் கட்டிக்கொள்கிறான். சரிபாதி. படம் நின்றது, விளக்கு எரிந்தது. இடைவேளை என்று எழுத்தும் இல்லை, குரலும் இல்லை. யாராக இருந்தாலும் முடிந்தது என்றுதான் நினைப்பார்கள். அவர்களும் திருப்தியாக எழுந்து மலைக்குப் போகிற பஸ்ஸைப் பிடித்துவிட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா கவுன்டரில் நின்றார். கையில் பழைய டிக்கெட். கோபம் கூட இல்லை, நியாயம் கேட்கிற முகம். எனக்குத்தான் வெட்கமாகப் போயிற்று. "பக்கத்து வூட்டுப் புள்ள இன்னாவோ ரெக்க மொளச்ச பாம்பு வந்துச்சின்னு சொல்லுது, நாங்க பாக்கவே இல்லியே. மீதியக் காட்டுங்க."

காட்டினேன். மூன்று பேரையும் உட்கார வைத்துவிட்டு வந்து, இனிமேல் சரிபாதியில் வெட்டுவதில்லை என்று முடிவு செய்தேன். முதலாளியிடம் அதை எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

ஆடு

படம் தானாக ஓடும்போது ஆபரேட்டருக்கு வேலை கம்மி. நான் கையடக்கக் கருவியில் கேம் ஆடுவேன். அந்தச் சமயம் ஆடியதில், கடல் பொங்கி நாட்டையே விழுங்கிக்கொண்டிருந்தது. தடுக்க உலகத்தில் என்னை விட்டால் ஆள் இல்லை. ஆனால் போகிற வழியில் ஒரு பெரியவர் தன் ஆடு காணாமல் போய்விட்டதாகச் சொன்னார். நான் ஆட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். முதலாளி உள்ளே வந்துவிட்டார்.

என்ன செய்கிறாய் என்று கேட்டார். ஒளிக்காமல் விளக்கினேன். இப்போதைய கேம்களில் இந்தச் சில்லறை வேலைகள் அதிகமாகிவிட்டன, மூலிகை பறித்தே முதுகு ஒடிகிறது என்றும், கபடி மாதிரி ஆளுக்கொரு முறை வைத்து அடிக்கிற சண்டை திரும்பி வந்ததில் எனக்கு மகிழ்ச்சி என்றும் சொன்னேன். அவர் காதில் ஆடு மட்டும்தான் விழுந்தது. மறுநாள் முதல் வேலையாக, "ஆடு கெடச்சிதா?" என்றார். தினமும் கேட்டார். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளவும் ஆரம்பித்தார்.

ஒரு நாள் கேமில் ஒரு பெரிய அரக்கனின் கதவுக்கு வந்து சேர்ந்தோம். கதவுக்கு முன்னால் ஒரு கடை, மருந்தும் கத்தியும் விற்கிறது. பக்கத்தில் அதுவரை ஆடியதைச் சேமித்து வைக்க ஓர் இடம். இத்தனை ஆபத்தான இடத்தில் எவன் கடை போடுவான் என்று முதலாளி கேட்டார். "இங்கதாங்க வியாபாரமே. உள்ள இன்னா இருக்குதோனு பயந்துக்கினு நிக்கிறவன் கையில இருக்கிறத எல்லாம் குடுத்து வாங்குவான். இங்க வந்தவன் எவனும் வூட்டுக்குத் திரும்ப மாட்டான்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. நம் இடைவேளையும் இப்படி ஒரு கதவுக்கு முன்னால்தான் வர வேண்டும், சரிபாதியில் இல்லை என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். முதலாளி அந்தக் கடையை விரலால் தொட்டுக் காட்டிச் சொன்னார்: "வர்ற வெள்ளிக்கெழம சாயங்காலம் ஒரே ஒரு ஆட்டம் தரேன். கேன்டீன் ஈ ஓட்டுச்சினா, அப்புறம் பொம்மப் படம்ன்ற வார்த்தையே என் காதுல விழக் கூடாது."

வெள்ளிக்கிழமை

புதுப்படம் தமிழில் பேசிக்கொண்டு வந்திருந்தது. அணையாத விளக்கு ஒன்றை ஒரு பெண் மலைக்குத் தூக்கிப் போகிற கதை. காலையில் காலி அரங்கத்தில் தனியாக ஓட்டிப் பார்த்தேன். நான் தேடியது பாதியைத் தாண்டி இருந்தது. கோட்டைக் கதவில் அவள் கை வைக்கிறாள், உள்ளே ஏதோ மூச்சு விடுகிறது. அங்கே குறித்துக்கொண்டேன். பெரிதாக 'இடைவேளை' என்று எழுதிய அட்டையையும் சேர்த்தேன். தோற்றால் எனக்கு இன்னொரு வெள்ளிக்கிழமை கிடையாது.

வேறு தியேட்டரில் ஹீரோ படத்துக்கு டிக்கெட் கிடைக்காதவர்கள், மழைக்கு ஒதுங்கியவர்கள், காலேஜ் பிள்ளைகள் என்று அரங்கம் முக்கால்வாசி நிறைந்தது. சங்கராபுரத்துக்காரரும் வந்தார். கூடவே அவரை விட ஒரு சாண் உயரமாக, தாடி வைத்த பையன் ஒருவன். "இதாங்க கொழந்த. பாலிடெக்னிக் படிக்குது" என்று அறிமுகப்படுத்தினார். உறவுக்காரர் வீட்டில் தங்குகிறோம் என்று சொல்லிக்கொண்டு வெள்ளிமலை அம்மாவும் பிள்ளைகளோடு வந்தார்.

கதவில் கை வைத்தாள். நிறுத்தினேன். அடுத்த கணம் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு கூச்சல். நான் கீழே ஓடினேன். உள்ளே இருப்பது யார், விளக்கு அணையுமா என்று கேன்டீன் வாசலில் பத்து இடத்தில் சண்டை. சமோசா தீர்ந்து, முறுக்குத் தீர்ந்து, செல்வம் வெறும் தட்டோடு நின்றார். ஆள் ஒருவர் கூட வெளிக் கேட்டைத் தாண்டவில்லை. வெள்ளிமலை அம்மா மட்டும் உள்ளே நாற்காலிக் கையைப் பிடித்தபடியே இருந்தார். இடைவேளைதான், போய் வரலாம் என்றேன். "நீங்க இன்னா எழுதிப் போட்டாலும், இந்த வாட்டி எழுந்திருக்க மாட்டோம்" என்றார்.

படம் முடிந்ததும் எழுந்து நின்று கை தட்டினார்கள். பொம்மைப் படத்துக்கு, வெள்ளிக்கிழமை சாயங்காலம், கள்ளக்குறிச்சியில். நான் ஆபரேட்டர் அறையில் தனியாக நின்று நானும் தட்டினேன். கண் கலங்கியதைப் பார்க்க அங்கே யாரும் இல்லை என்றுதான் நினைத்தேன், பின்னால் முதலாளி நின்றிருக்கிறார். தோளில் கை போட்டுச் சொன்னார்: "வர்ற வெள்ளிக்கெழமையும் இதான். செல்வத்த சமோசா டபுளா போடச் சொல்லிட்டேன். அது இருக்கட்டும், அந்த ஆடு இன்னாச்சி?"

இப்போது எங்கள் தியேட்டரில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அனிமேஷன் படம்தான், பெரியவர்கள் யாராவது ஏன் என்று கேட்டால், சங்கராபுரத்தில் ஒரு குழந்தை ரொம்ப ஆசைப்படுகிறது என்று சொல்லி டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிடுகிறேன்.