பெட்டியில்லாத இரும்புக் கை

2008 நவம்பர் 11, செவ்வாய்க்கிழமை, காலை 9.40. தூறல். மாத்தளை நகரில் ஒரு மின்சாதனக் கடையில், டீவியைச் சுவரில் மாட்டும் இரும்புச் சட்டங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று வகை இருந்தன. கடைக்காரர் ஒன்றையே என் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார்.

“எல்லாரும் இதத்தான் கொண்டு போறாங்க ஐயா. சுவரோட ஒட்டி நிக்கும். ஹோலுக்கு அழகு.”

“ஹோலுக்கு இல்ல. படுக்கிற அறைக்கு.”

“இவ்வளவு பெரிய டீவிய யாரு ஐயா ரூமுக்குள்ள வைக்கிறது?”

கத்தாரிலிருந்து அந்த டீவியை அனுப்பிய மகனும் தொலைபேசியில் அதையேதான் சொன்னான். “ஹோல்லயே மாட்டுங்க அப்பா. வர்றவங்க பாக்கணும்ல.”

வருகிறவர்கள் பார்த்ததெல்லாம் போதும் என்றிருந்தது எனக்கு. ஜூன் மாதம் என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அன்றிலிருந்து மல்லாந்த படுக்கை. ஆகஸ்டில் எங்கள் ஒரே மகளுக்குச் சென்னையில் கல்யாணம், இருவரும் போகவில்லை. கல்யாண டீவீடி வந்ததும் உறவினர் பதினொரு பேர் பலாபத்வலைக்கு எங்கள் வீடு தேடி வந்து, ஹோலில் பழைய டீவியில் அதைப் போட்டுப் பார்த்தார்கள். பெற்றவள் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு பாட்டை மட்டும் கேட்டாள். பிறகு ஒவ்வொருவராக உள்ளே வந்தபோது ஒரே கேள்வியைக் கேட்டாள்: “தாலி கட்டும்போது அவ அழுதாளா?” அழுதாள் என்றார் ஒருவர். இல்லை என்றார் இன்னொருவர். கவனிக்கவில்லை என்றவர்கள் பலர். என்னையும் கேட்டாள். டீவீடியில் கோயில் படியில் நின்றவர்கள் எத்தனை பேர் என்று என்னால் சொல்ல முடிந்தது. அதைச் சொல்ல முடியவில்லை.

அறையில் மேசை போட இடமில்லை. கால்மாட்டில் கதவு, வலப்பக்கம் அலுமாரி. இடச்சுவர் மட்டும்தான் வெறுமை. டீவி அந்தச் சுவரிலிருந்து வெளியே நீண்டு, அவள் முகத்துக்கு நேரே திரும்பி, கொஞ்சம் குனியவும் வேண்டும். ஒட்டி நிற்பது உதவாது. குனிய மட்டும் தெரிந்ததும் உதவாது. மடங்கி நீளும் கை வைத்த மூன்றாவதைத்தான் எடுத்தேன். அதுதான் விலையும் கூட.

தோட்டத்து ஸ்டோரில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவன் நான். வந்த பெட்டியைப் பிரித்து எண்ணாமல் ஒருநாளும் கையெழுத்து வைத்ததில்லை. அந்தக் கடையிலும் பிரித்தேன். ஆணிகள் இருபத்தெட்டு, சரி. மழையில் அட்டைப்பெட்டி ஊறிவிடும் என்று அதைக் கடையிலேயே விட்டுவிட்டு, இரும்பைத் தமிழ்ப் பத்திரிகையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

பாதி வழியில் இராணுவச் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கினோம். எனக்கு முன்னால் நின்றவரின் பையில் புது மண்வெட்டித் தகடு இரண்டு இருந்தன. அவரை ஒன்றும் கேட்கவில்லை. என் அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் படித்த பிறகு, பையைத் திற என்றான் சிப்பாய். உள்ளே மடங்கிய இரும்புக் கை, ஒரு பொட்டலம் ஆணி. டீவி மாட்டுவது என்று நல்ல சிங்களத்தில் சொன்னேன். டீவி எங்கே என்றான். வீட்டில் என்றேன். வீட்டிலிருக்கும் டீவி தானாக நிற்காதா என்று கேட்டான். அவன் வயதில் எனக்குப் பேரன் இருந்திருக்கலாம். அந்த வயதுப் பையனிடம், என் பெண்டாட்டியால் எழுந்து உட்கார முடியாது என்று நடுரோட்டில் நின்று விளக்க வேண்டியிருந்தது.

அவன் நம்பவில்லை, என்னை நிறுத்தி வைத்தான்; பஸ் கிளம்பியது. முழுத்தூரத்துக்கும் வாங்கிய காசில் மிச்சத்தைக் கண்டக்டர் தரவில்லை. கேட்டதற்கு, “உயிரோட நிக்கிறீங்களே, அது போதாதா?” என்றான். பஸ்ஸில் சிலர் சிரித்தார்கள்.

ரசீதில் இருந்த கடை எண்ணுக்குச் சாவடிக்காரர்களே தொலைபேசி எடுத்தார்கள். ஒன்றேகால் மணி நேரம் மழையில் நின்றேன். கடைக்காரர் காலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்தார். பெட்டியின் மேல், சுவரில் தொங்கும் டீவியின் முன்னால் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டிருந்த படம். சிப்பாய் படத்தைப் பார்த்தான், இரும்பைப் பார்த்தான், போகச் சொன்னான். வருத்தம் தெரிவிக்கவில்லை.

“பெட்டிய விட்டுட்டு சாமானை மட்டும் கொண்டு போன ஆளு, நான் கடை தொறந்த நாளையிலருந்து நீங்க ஒருத்தர்தான் ஐயா,” என்றார் கடைக்காரர். பெட்ரோலுக்குக் காசு நீட்டினேன். “அடுத்த தடவ பெட்டியையும் கொண்டு போங்க, அது போதும்,” என்று சொல்லிக் கிளம்பினார்.

அங்கேயே நின்று ஆணிகளை எண்ணினேன். இருபத்தாறு. நீளமானவற்றில் இரண்டு இல்லை. எங்கே என்று சிப்பாயிடம் கேட்டேன். மணல் மூட்டைக்கிடையில் விழுந்திருக்கும், இரண்டு ஆணிக்காகவா நிற்கிறாய் என்றான். ஆமாம், இரண்டு ஆணிக்காகத்தான். என்னுடையவை. தேட விடவில்லை. முச்சக்கர வண்டி பிடித்து, பலாபத்வலை ஹாட்வெயார் கடையில் இரண்டு ஆணி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் மேசன் வந்து சுவரைத் துளைத்து மாட்டினார். டீவியை வெளியே இழுத்து, திருப்பி, குனிய வைத்தேன்.

“இன்னுங் கொஞ்சம் இந்தப் பக்கங்க,” என்றாள். திருப்பினேன். “போதும்.”

டீவீடியைப் போட்டேன். தாலி கட்டும் இடம் வந்தது. அவள் கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

“அழலைங்க,” என்றாள். “உதட்டைக் கடிச்சிக்கிட்டு நிக்கிறா. சின்னப்புள்ளையில ஊசி போடப் போனா இப்பிடித்தான் நிப்பா.” பிறகு, “திரும்பப் போடுங்க.”

போட்டேன். பதினொரு பேர் பார்த்தும் அதை ஒருவரும் பார்க்கவில்லை. நானும்தான்.

இரும்பு 5,750, பஸ் போக வர 28, முச்சக்கர வண்டி 300, இரண்டு ஆணி 70, மேசன் கூலி 700. மொத்தம் 6,848 ரூபாய்.